உள்ளி நடுவதற்கு முந்திய வாரங்கள்

லேபர் டே விடுமுறை கழிந்த கையோடு ஸ்காபரோவில் எங்கள் சனத்தின் பேச்சு மாறிவிடும். "இனி என்ன, சமர் முடிஞ்சுது" என்பார்கள். பள்ளிக்கூடங்கள் தொடங்கிவிடும். சி.என்.இ. கண்காட்சியின் ராட்டினங்களைக் கழற்றிவிடுவார்கள். பின்வளவில் கிடந்த கதிரைகள் கராஜுக்குள் போய்விடும். அதற்குப் பிறகு ஏப்ரல் வரை வீடு, வேலை, கடை, கோயில், கலியாண மண்டபம் என்று கூரைகளுக்குக் கீழேதான் வாழ்க்கை.

எனக்கு இது பெரிய இழப்பாகத் தெரிகிறது. செப்டெம்பர் தொடக்கத்திலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரையான வாரங்களில்தான் ரொறன்ரோ முழு உயிர்ப்போடு இருக்கிறது. மரம், மீன், பருந்து, வண்ணத்துப்பூச்சி, என் பந்தலில் தொங்குகிற புடலை, எல்லாவற்றுக்கும் அந்த நாட்களில் தலைக்கு மேல் வேலை. வெயில் சுடாது, நுளம்பு குறைந்துவிடும், குளிரும் இன்னும் கடிக்காது. வெளியே போய்வர இதைவிட நல்ல காலம் இந்த நாட்டில் இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் நாங்கள் கதவைச் சாத்துகிறோம்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை வெளிச்சம். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான வித்தியாசம்தான் இருக்கும். அங்கே வளர்ந்தவர்களுக்குப் பகல் சுருங்கும் என்ற நினைப்பே வராது. இங்கே யூன் 21 அளவில் பகல் 15 மணி 26 நிமிடம் நீளும். டிசெம்பர் 21இல் 9 மணித்தியாலம்கூட இராது. செப்டெம்பர் கடைசியில் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 3 நிமிட வெளிச்சம் கையைவிட்டுப் போகிறது. நாங்கள் கவனிக்கிறோமோ இல்லையோ, செடிகொடிகளும் பறவைகளும் அதைக் கவனித்துக்கொண்டே இருக்கின்றன. வெயில் நல்லாய்க் கொளுத்துகிற ஒரு செப்டெம்பர் நாளில்கூட அவை தங்கள் ஆயத்தங்களை நிறுத்துவதில்லை.

முதலில் பின்வளவு. எங்கள் தெருவில் தமிழர் வீடு எது என்று முன்பக்கத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பின்பக்கம் போனால் பந்தல் காட்டிக்கொடுத்துவிடும். புடலை, பாகல், பயற்றை எல்லாம் ஏப்ரலில் யன்னலோரம் சின்னக் கோப்பைகளில் முளைத்து, மே மாதம் விக்டோரியா டே நீண்ட வார இறுதிக்குப் பிறகு நிலத்துக்குப் போகும். அதற்கு முன் நட்டால் ஓர் இரவு உறைபனி எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும். நிலம் சூடேறிக் கொடி தளதளவென்று ஓட யூலை ஆகிவிடும். அதனால்தான் காய்ப்பின் உச்சம் ஓகஸ்ட் கடைசியிலும் செப்டெம்பரிலும் வருகிறது. "சமர் முடிஞ்சுது" என்று சொல்கிற அதே வாரத்தில்தான் பந்தலில் புடலை இறங்கிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டு மாமி காய் வளையாமல் நீள வேண்டும் என்று ஒவ்வொன்றின் நுனியிலும் கல்லுக் கட்டித் தொங்கவிடுவார். சங்கானையில் அவருடைய தகப்பன் கட்டியது போலவே, அதே அளவுக் கல்லு.

புடலம்பூவை இரவில் போய்ப் பாருங்கள். பகலில் பார்த்தால் வாடிச் சுருங்கிய வெள்ளை நூல்தான். இருட்டிய பிறகு அந்த நூலெல்லாம் விரிந்து பின்னல் வேலைபோல நிற்கும். இரவில் பறக்கும் விட்டில்கள்தான் அதற்கு மகரந்தம் கொண்டுவருகின்றன. செப்டெம்பரில் இருள் ஏழரைக்கே வந்துவிடுவதால் சாப்பாட்டுக்கு முன்பே டோர்ச் லைட்டோடு போய்ப் பார்க்கலாம். யூனில் அதற்குப் பத்து மணிவரை காத்திருக்க வேண்டும், அப்போது பூவும் இராது.

இந்த மாதத்தில் நான் மிகக் கவனமாகச் செய்வது விதை எடுப்பது. கொடியில் முதலில் வந்த நல்ல காய்களில் ஒன்றிரண்டை ஆயாமல் விட்டுவிட வேண்டும். புடலை செம்மஞ்சளாகப் பழுத்து மெதுமையாகும். பாகல் தானே வெடித்து, உள்ளே இரத்தச் சிவப்பில் சதை மூடிய விதைகளைக் காட்டும். சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு ஆண்டை எழுதி வைக்கிறேன். ஆண்டுக்கு ஆண்டு இந்த மண்ணிலேயே காய்த்த விதையை எடுத்து வருவதில், குறுகிய கோடைக்குள் காய்க்கக்கூடிய கொடியை நாங்களே தெரிவுசெய்கிறோம். மாமியிடமிருந்து எனக்கு வந்த பயற்றை விதை இப்போது மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்டன் வரை போயிருக்கிறது.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அவர் கேட்பார்:

"என்ன பிள்ளை, கறிவேப்பிலையை இன்னும் உள்ளுக்கு எடுக்கேல்லையே?"

"நாளைக்கு எடுக்கிறன் மாமி."

"நாளைக்கெண்டு வைக்காதை. ராவைக்குப் பத்துக்குக் கீழ போகுதாம்."

இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் கறிவேப்பிலைச் சட்டியை வெளியே விடக்கூடாது. ஆனால் அப்படியே தூக்கி உள்ளே வைப்பதும் சரியில்லை. இலையின் அடிப்பக்கமும் தண்டும் பார்த்து, ஒட்டுண்ணிகள் இருந்தால் மெல்லிய சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, வெயில் காய்ந்த இடத்திலிருந்து முதலில் நிழலுக்கும் பிறகு தெற்கு யன்னலுக்குமாகப் படிப்படியாக நகர்த்த வேண்டும். உள்ளே வந்த பிறகு தண்ணீரைக் குறைக்க வேண்டும். வெளிச்சம் போதாமல் இலை கொட்டும்; பதறி இன்னும் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும். வேர் நன்றாக இருந்தால் மார்ச்சில் துளிர்க்கும். சட்டி முருங்கையைத் தறித்துவிட்டு உள்ளே வைத்தால் அதுவும் அப்படித்தான். வல்லாரைக்கு இவ்வளவு பாடு இல்லை, ஒரு தட்டில் ஈரத்தோடு யன்னலோரம் இருந்துவிடும்.

தோட்டத்து வேலைக்கு நடுவில் இந்த முறை நான் வாசித்தது கதரின் பார் ட்ரெயில். 1832இல் பிரித்தானியாவிலிருந்து கணவரோடு கப்பலேறி வந்த பெண். மொன்றியலில் இறங்கியதுமே கொலரா பிடித்து உயிர் தப்பியவர். ரொறன்ரோவிலிருந்து வடகிழக்கே, இன்றைய லேக்ஃபீல்டுக்குப் பக்கத்துக் காட்டில் குடியேறினார். 1836இல் 'த பேக்வுட்ஸ் ஒஃப் கனடா' என்ற அவருடைய கடிதப் புத்தகம் வெளிவந்தது. அவரைப் போல 1832இலேயே வந்து அதே பகுதியில் வாழ்ந்த அவருடைய தங்கை சூசன்னா மூடி 1852இல் எழுதிய 'ரஃபிங் இட் இன் த புஷ்' இங்கே இன்னும் பிரபலம். மார்கரெட் அற்வூட் 1970இல் அந்தத் தங்கையின் குரலில் ஒரு கவிதைத் தொகுப்பே எழுதினார். இலக்கியம் என்று பார்த்தால் தங்கை பலம் கூடியவர். அவருடைய கோபமும் துயரமும் இன்றும் சுடும். எனக்கு என்றால் அக்காவைத்தான் பிடிக்கிறது.

காரணம் அவருடைய 1854ஆம் ஆண்டுப் புத்தகம். புதிதாக வந்து சேரும் பெண்களுக்கு என்று எழுதிய கைநூல். ஆட்டாமா இல்லாமல் புளிப்பு மா எப்படிப் பிடிப்பது என்பதுபோல எங்கள் கேள்விகள் அதில் இல்லைத்தான். ஆனால் பாண் புளிக்க வைப்பது, மேப்பிள் பாகு காய்ச்சுவது, ஆப்பிளை உலர்த்தி வைப்பது, சவர்க்காரமும் மெழுகுதிரியும் வீட்டில் செய்வது, கோப்பிக்குப் பதில் டான்டலியன் வேரை வறுத்துப் பொடிப்பது எல்லாம் இருக்கின்றன. மாதம் மாதமாகக் காலநிலையையும் சொல்கிறார். ஊரை விட்டு வந்து, திரும்பிப் போக வழியில்லாமல், இந்த நிலத்தை அதன் பூக்களின் பெயரிலிருந்து படிக்கத் தொடங்கிய ஒரு பெண் என்பதுதான் என்னைத் தொட்டது. 1868இல் கனடாவின் காட்டுப்பூக்கள் பற்றி அவர் எழுதிய நூலுக்குப் படம் வரைந்தவர் தங்கையின் மகள். 1899வரை, 97 வயதுவரை அவர் வாழ்ந்தார். கடைசிக் காலம்வரை செடிகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். அவர்கள் குடியேறிய காடு வேறு மக்களின் நிலம் என்பதையும் நினைவில் வைத்துத்தான் இதை வாசிக்க வேண்டும். ட்ரெயிலின் பக்கங்களில் அயலில் வாழ்ந்த அனிஷினாபே மக்கள் வந்துபோகிறார்கள், அவர்களிடம் அவர் கற்றவையும் இருக்கின்றன.

ரொறன்ரோப் பொது நூலகத்துக்கு நகரம் முழுக்க 100 கிளைகள் உண்டு. எங்கள் பக்கத்துக் கிளைகள் பலவற்றில் தமிழ் அலுமாரியும் உண்டு. தாமதக் கட்டணம் இப்போது இல்லை. ட்ரெயிலுக்குப் பிறகு அங்கிருந்து எடுத்து வந்தது மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்'. தியடோர் பாஸ்கரன் தொகுத்தது. கிருஷ்ணன் கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் 1996இல் இறக்கும்வரை இயற்கை பற்றிய பத்தி எழுதியவர். யானைகளைத் தேடிக் காட்டுக்குப் போனவர், அதே அக்கறையோடு வீட்டு முற்றத்துக் காகத்தையும் அணிலையும் பார்த்தார். அவரை வாசித்துவிட்டு வெளியே போனால் எங்கள் வளவின் கறுப்பு அணில்கள்கூட வேறுமாதிரித் தெரிகின்றன. செப்டெம்பரில் அவை ஓக் கொட்டைகளை ஒவ்வொன்றாகப் புதைத்துக்கொண்டு திரிகிற வேகத்தை ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள்.

இனி ஊர்சுற்றல். கிங்ஸ்டன் வீதியில் ஏரியைப் பார்த்தபடி செங்குத்து மேட்டின்மேல் ரோசெற்றா மக்ளேன் தோட்டம் இருக்கிறது. எங்கள் ஆட்கள் கலியாணப் படம் எடுக்கப் போகிற இடம். செப்டெம்பரில் அங்கே தொலைநோக்கிகளோடு ஒரு கூட்டம் வானத்தைப் பார்த்தபடி நிற்கும். தெற்கே போகும் பருந்துகளை எண்ணுகிறவர்கள் அவர்கள். பருந்துகள் நிலத்திலிருந்து எழும் சூடான காற்றில் மிதந்தே தூரம் போகின்றன. ஏரியின் மேல் அந்தக் காற்று எழாது. ஆகவே ஒன்ராரியோ ஏரியைக் குறுக்கே கடக்காமல் கரையோடு மேற்கே போய்ச் சுற்றிச் செல்கின்றன. வடக்குக் காற்று வீசி வானம் தெளிந்த நாளில் போனால் தலைக்கு மேல் கூட்டம் கூட்டமாகச் சுழல்வதைக் காணலாம். யார் எது கேட்டாலும் அந்த மனிதர்கள் பொறுமையாகச் சொல்லித் தருவார்கள், தொலைநோக்கியையும் தருவார்கள்.

அதே கரையில்தான் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகளும் வந்து சேர்கின்றன. செம்மஞ்சள் இறகில் கறுப்புக் கோடு. கோடையில் பிறக்கும் தலைமுறைகள் சில வாரங்களே வாழும். ஓகஸ்ட் கடைசியிலும் செப்டெம்பரிலும் கூடு விட்டு வருபவை மட்டும் எட்டு மாதம்வரை வாழக்கூடியவை. அவை ஏறத்தாழ 4000 கிலோமீற்றர் பறந்து மத்திய மெக்சிக்கோ மலைகளின் ஒயாமெல் மரக்காடுகளுக்குப் போகின்றன. ஒரு முறையேனும் அங்கே போயிராத பூச்சிகள், பாட்டன் பாட்டிக்கும் முந்தியவை புறப்பட்டு வந்த அதே காட்டைப் போய்ச் சேர்கின்றன.

அவை எங்கே போகின்றன என்பது 1975வரை அறிவியலுக்குத் தெரியாது. கண்டுபிடிக்க வாழ்நாளைக் கொடுத்தவர் ஃபிரெட் ஏர்க்கட். ஸ்காபரோவில் உள்ள ரொறன்ரோப் பல்கலைக்கழக வளாகத்தில் விலங்கியல் கற்பித்த பேராசிரியர், எங்கள் ஊர்க்காரர். அவரும் மனைவி நோராவும் இறகில் ஒட்டக்கூடிய சிறிய அட்டைகளை உருவாக்கி, கண்டம் முழுவதும் தொண்டர்களைச் சேர்த்துப் பல பத்தாண்டுகள் பூச்சிகளைப் பின்தொடர்ந்தார்கள். 1975 சனவரியில், அவர்களுக்காகத் தேடிக்கொண்டிருந்த கென் பிரகரும் கதலீனா அகுவாதோவும் அந்த மலைக்காட்டைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டு ஏர்க்கட் தானே மலையேறிப் போனபோது, பூச்சிகளின் பாரத்தால் ஒரு கிளை முறிந்து அவர் முன்னால் விழுந்தது. அந்தக் குவியலுக்குள் மினசோட்டாவில் அட்டை ஒட்டிய ஒரு பூச்சி இருந்தது. இந்தக் கதையை அந்த மேட்டில் நின்று என் தங்கையின் மகனுக்குச் சொன்னேன். அவன் படிக்கப் போகும் பல்கலைக்கழகம் ஒருநாள் அதுவாகவும் இருக்கலாம். அவன் கேட்டது: "பெரியம்மா, பூச்சிக்குப் பாரமா இராதா அந்த அட்டை?" நல்ல கேள்வி. ஏர்க்கட் தம்பதியர் பல வகை அட்டைகளைச் சோதித்து மாற்றியதற்கு அதுவும் ஒரு காரணம்.

மொனார்க் முட்டையிடுவது மில்க்வீட் என்ற செடியில் மட்டும். கிள்ளினால் பால் வடியும். அது எருக்கலைக்குச் சொந்தம், ஒரே குடும்பம். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் எருக்கலையைச் சுற்றிப் பறந்த செம்மஞ்சள் பூச்சிகளும் மொனார்க்கின் நெருங்கிய உறவு, ஒரே பேரினம். செடியின் நஞ்சை உண்டு வளர்வதால் இரண்டுக்கும் உடலில் கசப்பு, பறவைகள் தொடாது. சிறுவயதில் எருக்கலை மொட்டை நசுக்கி வெடிக்கவைத்து விளையாடிய எவருக்கும் இந்த ஊர் மில்க்வீட்டின் பூவைக் கிட்டப் பார்த்தால் உடனே அடையாளம் தெரியும். வேலியோரம் தானாக முளைத்தால் களை என்று பிடுங்கிவிடாதீர்கள்.

அந்தப் பல்கலைக்கழக வளாகம் ஒரு பள்ளத்தாக்கின் விளிம்பில் இருக்கிறது. கீழே ஓடுவது ஹைலண்ட் கிரீக். மோர்னிங்சைட் பூங்காவிலும் அதைக் காணலாம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த எங்கள் தலைமுறை அந்தப் பள்ளத்தாக்கைப் பேருந்தில் எத்தனையோ தடவை கடந்திருக்கிறது. பகலில் தொழிற்சாலை, இரவில் துப்புரவு வேலை, நடுவில் ஆங்கில வகுப்பு. யன்னலில் சாய்ந்து நித்திரை கொள்ளக் கிடைத்த இருபது நிமிடத்தில் கீழே என்ன ஓடுகிறது என்று பார்க்க யாருக்கு நேரம்? அந்தச் சனத்துக்கு இப்போது ஓய்வு வயது வந்துவிட்டது. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

செப்டெம்பர் நடுப்பகுதியிலிருந்து, நல்ல மழை பெய்த மறுநாள், அந்த ஓடையில் சினூக் சால்மன் ஏறுகிறது. முழங்கால் தண்ணீரில் கை நீளத்துக்குப் பெரிய மீன்கள், முதுகு வெளியே தெரியத் தெரிய, கல்லில் உரசிக்கொண்டு எதிர்நீச்சல் போடும். ஏரியில் சில ஆண்டுகள் வளர்ந்துவிட்டு, பிறந்த ஓடையின் மணத்தை வைத்தே திரும்பிவருகின்றன. ஓடைக்குள் வந்த பிறகு சாப்பாடு இல்லை. பெண் மீன் வாலால் சரளைக் கல்லைக் கிளறிக் குழி பறிக்கும். கொக்கிபோல் வளைந்த தாடையோடு ஆண் மீன்கள் பக்கத்தில் ஒன்றையொன்று துரத்தும். முட்டையிட்டு முடிந்ததும் செத்துவிடும். கரையோரம் பிணங்கள் கிடக்கும், நாற்றமும் இருக்கும், கடற்பறவைகள் கொத்தும். பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது இதை மறைக்கத் தேவையில்லை. அந்தச் சத்தெல்லாம் ஓடைக்கும் கரைமரங்களுக்கும்தான் போகிறது என்று சொன்னால் அவர்களுக்கு விளங்கும்.

இந்த ஏரியின் சொந்த மீன் அற்லாண்டிக் சால்மன். ஆலைகளுக்காக ஓடைகளில் கட்டிய அணைகள், காடழிப்பு, அளவில்லாத பிடிப்பு, எல்லாம் சேர்ந்து 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அதை இங்கே இல்லாமல் ஆக்கிவிட்டன. சினூக் பசிபிக் கரையைச் சேர்ந்தது. ஏரியில் பெருகிவிட்ட அலைவைஃப் என்ற சிறுமீனைக் கட்டுப்படுத்தவும் தூண்டில்காரர்களுக்காகவும் 1960களின் கடைசியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இப்போது அவை இந்த ஓடைகளை அறிந்துகொண்டு தாமாகவும் பெருகுகின்றன. ஓடையோரம் நின்ற ஒரு வயதான தமிழர், முன்னர் மயிலிட்டியில் தொழில் செய்தவராம், ஒரு மீன் கல்லணையைத் தாண்டிப் பாயும்வரை கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தார். "விடாதை, விடாதை, இன்னும் ஒருக்கா" என்று அதோடு கதைத்துக்கொண்டிருந்தார். அது தாண்டியதும் அங்கே நின்ற எல்லோரும், பல நாட்டு ஆட்கள், கை தட்டினோம்.

நிறம் மாறும் இலைகளைப் பார்க்க எல்லோரும் அல்கொங்குயின் போகிறார்கள். போகட்டும், அழகான இடம். ஆனால் வார இறுதி வாகன நெரிசலில் அரை நாளைக் கொடுக்க விரும்பாதவர்களுக்கு ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா நகரப் பேருந்து போகும் தூரத்தில் இருக்கிறது, நுழைவுக்குப் பணம் இல்லை. முதலில் சிவப்பது சுமாக் புதர்கள், பிறகு மேப்பிள், கடைசியில் ஓக்கின் செம்பு நிறம். மஞ்சள் இலைக்குள் முன்பே இருப்பது; பச்சையம் சிதைந்ததும் வெளித்தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல, இலையில் தேங்கிய சர்க்கரையிலிருந்து அந்த வாரங்களில் புதிதாக உண்டாவது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் தொடர்ந்து வந்தால் அந்த ஆண்டு சிவப்பு ஏறும்.

இந்த முறை விஜயதசமி நன்றி நவிலல் விடுமுறையோடு ஒட்டி வந்தது. தங்கை வீட்டுச் சின்னவளுக்கு ஏடு தொடக்கினோம். அரிசியில் 'அ' எழுதிவிட்டு அரிசியை வாய்க்குள் போட்டுக்கொண்டாள். முதல்நாள் பூசையில் வைத்த புத்தகங்களுக்குப் பக்கத்தில் என் சிறு மண்வெட்டியும் விதை உறைகளும் இருந்தன. மதியம் சாப்பிட்டு முடிந்ததும் உள்ளி நட்டோம்.

உள்ளி இந்த நாட்டுக் குளிரை எங்களுக்கு வேண்டியதாக மாற்றித் தருகிற பயிர். ஒக்டோபரில் நட வேண்டும், நிலம் உறைவதற்குள் வேர் பிடித்துவிடும். குளிர் படாவிட்டால் பூடு பல்லுப் பல்லாகப் பிரியாது. உழவர் சந்தையில் ஒன்ராரியோ உள்ளி வாங்கி, பெரிய பல்லுகளாகத் தெரிந்து, கூர்முனை மேலே இருக்க 5 சென்ரிமீற்றர் ஆழத்தில், 15 சென்ரிமீற்றர் இடைவெளியில் வையுங்கள். கொட்டிய மேப்பிள் இலைகளை நறுக்கி மேலே தடிப்பாகப் பரப்புங்கள். எல்லா இலையையும் காகிதப் பையில் கட்டி மாநகரசபைக்குக் கொடுத்துவிடாதீர்கள். யூனில் சுருண்டு வரும் உள்ளித்தண்டைத் தேங்காய்ப்பூவோடு வறையாக வறுத்தால் சோற்றுக்கு வேறொன்றும் வேண்டாம். யூலையில் பூடு கிண்டலாம்.

பந்தல் இன்னும் கழற்றவில்லை, மேலே இரண்டு பாகல் விதைக்காக நிற்கிறது. பழுக்காத தக்காளி ஒரு வாளி நிறைய இருக்கிறது. பச்சை மிளகாயும் உள்ளியும் போட்டு வதக்கிச் சம்பல் அரைக்கப்போகிறேன், மாமிக்கும் ஒரு போத்தல். நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளிய பிறகு மாலை ஐந்துக்கே இருட்டிவிடும், வாசிக்க நேரம் தாராளம். அதற்கு அ. முத்துலிங்கத்தின் கதைகளை மறுபடி எடுத்து வைத்திருக்கிறேன். அதற்கு முன், ஸ்காபரோவில் இருப்பவர்களுக்கு ஒரு சேதி: ஓடையில் மீன் இன்னும் முடியவில்லை. வெள்ளி இரவு மழை என்கிறார்கள். சனி காலை மோர்னிங்சைட் பூங்காவில் நான் இருப்பேன். வழுக்காத சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாருங்கள், வீட்டில் இருக்கிற மூத்தவர்களையும் கூட்டி வாருங்கள்.